அடாவடி ஆட்டக்காரரைச் சமாளிப்பது எப்படி: போக்கர் மேசைக்கான முழு வழிகாட்டி

அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமை ராத்திரி ஆறு பேர் உட்கார்ந்து போக்கர் ஆடுகிறோம். வருபவர்களில் பாதிப் பேர் பெங்களூருக்கு வேலைக்கு வந்த நம்ம ஊர்ப் பிள்ளைகள், ரம்மி ஆடி வளர்ந்தவர்கள். விதிகளை ஒரே ராத்திரியில் பிடித்துக்கொள்கிறார்கள். எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். மேசையில் ஒருவர் தன் சீட்டைச் சரியாகப் பார்க்காமலே ரெய்ஸ் (தொகையை ஏற்றுவது), மறுபடி ரெய்ஸ், ஆல்-இன் (கையிலுள்ள சில்லு முழுவதையும் தள்ளுவது) என்று அடித்துக்கொண்டே இருப்பார். நாங்கள் அவரைப் புல்டோசர் என்று கூப்பிடுகிறோம். அவருக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருக்கிறது.

புதியவர்களுக்கு நல்ல சீட்டு வராமல் இல்லை. வேலையை வரிசை மாற்றிச் செய்கிறார்கள். "இவன் சும்மா பூச்சாண்டி காட்டுறான்ணா" என்று எடுத்த எடுப்பில் கால் (அவர் வைத்த அளவுக்கே தாங்களும் வைப்பது) போட்டுவிடுவார்கள். ஆளைப் பார்ப்பது, இடம் பிடிப்பது, கையைப் பொறுக்குவது எல்லாம் சில்லு தீர்ந்த பிறகுதான் ஞாபகம் வரும். அதனால் கீழே உள்ள வரிசையை அப்படியே பின்பற்றுங்கள். ஆட்டம் டெக்சாஸ் ஹோல்டெம்; அடிப்படை விதிகள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. உட்காரும் முன்பே முடிவு செய்ய வேண்டியவை

எங்கள் மேசையில் காசு கிடையாது. ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பிறகு, ஃபோனில் ஆடிக்கொண்டிருந்த பலர் வீட்டு மேசைகளுக்கு வந்திருக்கிறார்கள். நாங்கள் அதற்கு முன்பிருந்தே வெறும் சில்லுதான். ஆளுக்கு 200, பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைப்பது) 1-2. இந்த வழிகாட்டியில் வரும் கணக்கெல்லாம் இந்த அளவுக்குத்தான்.

காசில்லாத மேசைக்கு ஒரு வியாதி உண்டு. சில்லு சும்மா கிடைக்கிறது என்றால் எல்லோருமே புல்டோசர் ஆகிவிடுவார்கள். ஆரம்பத்தில் புளியங்கொட்டை வைத்து ஆடிய நாட்களில் யாரும் யாருக்கும் ஃபோல்ட் செய்ததே (சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கியதே) இல்லை. இப்போது ஆளுக்கு இரண்டு முறைதான் 200 கிடைக்கும். இரண்டையும் விட்டவர் ராத்திரி காபி டம்ளர்களைக் கழுவ வேண்டும். இவ்வளவு சின்னத் தண்டனையே போதும், ஆட்டம் ஒழுங்காகிவிடுகிறது. உங்கள் மேசைக்கும் இப்படி ஓர் எல்லை வையுங்கள். எல்லை இல்லாத இடத்தில் இந்த வழிகாட்டி வேலை செய்யாது.

2. முதல் அரை மணி நேரம் எண்ணுங்கள்

சண்டைக்குப் போவதற்கு முன் எண்ண வேண்டும். 20 கைகள் (ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) ஓடட்டும். பிளைண்டைக் கணக்கில் சேர்க்காமல், அந்த ஆள் தானாக விரும்பி எத்தனை கைகளில் சில்லு போட்டார் என்று பாருங்கள். ஆறு பேர் மேசையில் நிதானமாக ஆடுபவர் ஏறக்குறைய நான்கில் ஒரு கையை ஆடுவார். அதாவது 20-க்கு ஐந்து. ஒருவர் 12, 13 என்று போனால் அவர்தான் நம் ஆள்.

ஐந்து கை பார்த்துவிட்டு முத்திரை குத்தாதீர்கள். யாருக்கும் தொடர்ந்து மூன்று நல்ல கை வரலாம். எங்கள் மேசையில் ஒரு பையன் அமைதியான ஒருவரைப் புல்டோசர் என்று நினைத்துக் கால் போட்டுக்கொண்டே போனான். அவர் கையில் ஒவ்வொரு முறையும் கிங் ஜோடி, ஏஸ் ஜோடி. டம்ளர் கழுவிக்கொண்டே "எனக்கு எப்படிண்ணா தெரியும்?" என்று கேட்டான்.

அதைவிட முக்கியம், கடைசியில் திறந்து காட்டும் சீட்டு. மேசையில் பொய் சொல்லாத ஒரே விஷயம் அதுதான். நீங்கள் ஃபோல்ட் செய்த கையாக இருந்தாலும் ஃபோனை எடுக்காமல் அதைப் பாருங்கள். எந்தச் சீட்டை வைத்து எந்தக் கட்டத்தில் எவ்வளவு அடித்தார் என்பதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

3. எந்த வகை அடாவடி என்று பிரியுங்கள்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். மருந்து மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

முதல் வகை, மேசையில் சீட்டு விழுவதற்கு முன் மட்டும் சூரர். எதை வைத்தும் ரெய்ஸ் செய்வார், ஃப்ளாப் (எல்லோருக்கும் பொதுவாக மேசையில் திறக்கும் முதல் மூன்று சீட்டு) வந்ததும் அடங்கிவிடுவார். இரண்டாம் வகை, ஃப்ளாப்பில் ஒரு அடி கட்டாயம் அடிப்பார். நீங்கள் கால் போட்டால் டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) செக் செய்துவிடுவார், அதாவது ஒன்றும் வைக்காமல் விட்டுவிடுவார். மூன்றாம் வகைதான் அசல் புல்டோசர். ஃப்ளாப், டர்ன், ரிவர் (கடைசிப் பொதுச் சீட்டு) மூன்றிலும் விடாமல் அடிப்பார்.

இரண்டாம் வகை ஆளிடம் ஃப்ளாப்பில் ஒரு கால் போட்டாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் அதே ஆள் டர்னிலும் ரிவரிலும் அடித்தால் கையில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். மூன்றாம் வகை ஆளிடம் மூன்றாவது அடிக்குக்கூட அந்த அர்த்தம் கிடையாது. இந்த வித்தியாசம் தெரியாமல் "அவர் எப்பவும் இப்படித்தான்" என்று ரிவரில் கால் போடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

கூடவே இன்னொன்றையும் பாருங்கள்: மற்றவர் ரெய்ஸ் செய்தால் அவர் என்ன செய்கிறார்? சிலர் அடிப்பார்கள், திருப்பி அடித்தால் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். சிலர் விடவே மாட்டார்கள். எட்டாவது படியில் இது தேவைப்படும்.

நேரத்தையும் கவனியுங்கள். எங்கள் மேசையில் ஒயிட்ஃபீல்டு பக்கமிருந்து வருபவர்கள் கடைசி மெட்ரோவைப் பிடிக்க வேண்டும். கிளம்ப அரை மணி இருக்கும்போது மகா சாதுவான ஆள்கூட ஆல்-இன் அடிப்பார். அது சுபாவம் கிடையாது, அவசரம். அன்று அந்த அரை மணிக்கு மட்டும் அவரைப் புல்டோசராகக் கருதுங்கள்.

4. அவருக்கு இடப்பக்கம் உட்காருங்கள்

ஆட்டம் கடிகாரச் சுற்றில் நகர்கிறது. அவருக்கு இடப்பக்கம் நீங்கள் இருந்தால், பெரும்பாலான கைகளில் அவர் அடித்த பிறகுதான் உங்கள் முறை வரும். வரப்போகும் அடியின் அளவு தெரிந்து முடிவெடுக்கலாம். மறுபக்கம் இருந்தால் நீங்கள் 2 போட்டுக் கால் செய்ய, அவர் 15 ஆக்கிவிடுவார். உங்கள் 2 வீண். ராத்திரி முழுக்க அந்த இரண்டு இரண்டாகவே 50, 60 சில்லு போய்விடும், போனதே தெரியாது.

வலப்பக்கம் உட்கார்ந்து செக் செய்து, அவர் அடித்ததும் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திருப்பி அடிப்பது நல்லது என்று சொல்பவர்களும் உண்டு. அனுபவசாலிகளுக்கு அது சரியாக வரலாம். புதியவர்களுக்கு நான் சொல்லித்தருவதில்லை.

5. கையைப் பொறுக்குங்கள்

புல்டோசர் வந்ததும் புதியவர்கள் தாங்களும் அதிகக் கைகள் ஆட ஆரம்பித்துவிடுகிறார்கள். "அவர் 7-2 வைத்து அடிக்கிறார், நான் 9-6 வைத்துப் போகக் கூடாதா?" கூடாது. அவர் 7-2 வைத்து அடித்தால் உங்களை ஃபோல்ட் செய்ய வைத்து ஜெயிக்க வாய்ப்பிருக்கிறது. 9-6 வைத்துக் கால் போடும் உங்களுக்குச் சீட்டு வந்தால்தான் உண்டு. ஜோடி இல்லாத இரண்டு சீட்டுக்கு ஃப்ளாப்பில் குறைந்தது ஒரு ஜோடியாவது அமைவது மூன்றில் ஒரு முறைதான். மற்ற இரண்டு முறையும் உங்கள் சில்லு அவருக்கு மொய்.

எந்தச் சீட்டுக்கு மதிப்பு கூடுகிறது? பெரிய சீட்டுக்கும் நடுத்தர ஜோடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஏதோ இரண்டு சீட்டுக்கு எதிராக, ஒரே பூவாக இல்லாத ஏஸ்-கிங்கூட 100-க்கு ஏறக்குறைய 65 முறை ஜெயிக்கும். 7 ஜோடி 66. கிங்-குயின் 61. மற்ற நாட்களில் யோசித்து ஆடும் ஏஸ்-10, கிங்-ஜாக் எல்லாம் இங்கே நல்ல கை.

எதற்கு மதிப்பு குறைகிறது? ஒரே பூவில் அடுத்தடுத்து வரும் சின்னச் சீட்டுகளுக்கு. ஸ்பேடு 5-6 பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் அது மலிவாக ஃப்ளாப் பார்த்தால்தான் கட்டுப்படியாகும். 2, 3 ஜோடிகளும் அப்படித்தான். ஃப்ளாப்பில் மூன்றாவது சீட்டு வந்து சேருவது 100-க்கு 12 முறைகூட இல்லை. 10 சில்லு கொடுத்து 200-க்குக் காத்திருந்தால் நியாயம். 40 கொடுத்துக் காத்திருந்தால் நஷ்டம்.

ரம்மியில் ஸ்கூட் விடப் பழகியவர்களுக்கு இந்தப் படி சுலபம். கை சரியில்லை என்றால் கொஞ்சம் விட்டுவிட்டு ஒதுங்கும் கூச்சம் அவர்களிடம் கிடையாது.

6. அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்தெடுங்கள்

அவர் 10 ஆக்குகிறார். உங்கள் கையில் ஏஸ்-ஜாக். அடுத்ததாக 30 ஆக்குங்கள். நோக்கம் அவரைப் பயமுறுத்துவது இல்லை, அவர் எப்படியும் போக மாட்டார். பின்னால் இருக்கும் நான்கு பேரும் ஒதுங்க வேண்டும், அதுதான் குறி.

காரணம் எளிது. நம் கைகளில் பெரும்பாலானவை கடைசியில் ஒற்றை ஜோடியாகத்தான் முடியும். ஒரே ஓர் ஆளை ஜெயிக்க அது போதும், நான்கு பேர் இருந்தால் யாரிடமாவது அதைவிடப் பெரிசு இருக்கும். ஏஸ் ஜோடியே ஒருவருக்கு எதிராக 100-க்கு 85 முறை ஜெயிக்கிறது, ஐந்து பேருக்கு எதிராக 49 ஆகிவிடுகிறது. (ஐந்து பேர் சில்லு போட்ட பாட்டில், அதாவது நடுவில் சேரும் மொத்தச் சில்லில், 49 என்பது லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏஸ்-ஜாக் ஏஸ் ஜோடி இல்லையே.)

இங்கே ஒரு பயம் வரும்: "அவருக்கு நிஜமாகவே பெரிய கை இருந்தால்?" எண்ணிப் பார்க்கலாம். இரண்டு சீட்டு சேர்க்கைகள் மொத்தம் 1326. அதில் ஏஸ், கிங், குயின் ஜோடிகளும் ஏஸ்-கிங்கும் சேர்ந்து 34. எல்லாக் கைக்கும் ரெய்ஸ் செய்கிறவரிடம் இவற்றில் ஒன்று இருப்பது 39 முறைக்கு ஒரு முறை. இதற்குப் பயந்து மற்ற 38-ஐயும் விட முடியாது.

7. முதல் கால் போடும் முன் மொத்த விலையைக் கூட்டுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் முதுகெலும்பு. நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் கை கிங்-ஜாக். நீங்கள் 30 ஆக்க, அவர் கால் செய்கிறார். பாட்டில் சுமார் 60. இருவர் கையிலும் 170 மிச்சம். ஃப்ளாப் கிங், 8, 3, மூன்றும் வேறு வேறு பூ. அவர் 30 அடிக்கிறார்.

30 போட்டால் பாட் 120 ஆகும். 120-க்கு 30 என்றால் நான்கில் ஒரு முறை ஜெயித்தாலே போதும், மலிவு. கால் போடுகிறீர்கள். டர்னில் 60 அடிக்கிறார். பாட் 240-க்கு உங்கள் 60, மறுபடியும் நான்கில் ஒன்று. கால். ரிவரில் மிச்சம் 80-ஐயும் தள்ளுகிறார். 400-க்கு 80, ஐந்தில் ஒன்று போதும். அதைவிட மலிவு!

மூன்று முறையும் மலிவு. ஆனால் கூட்டிப் பாருங்கள்: 30, 60, 80 சேர்ந்து 170. கடைசி பாட் 400. ஃப்ளாப்பில் நிற்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "170 போட்டு 400 எடுக்க, இந்த ஆளிடம் என் கை 100-க்கு 42, 43 முறையாவது ஜெயிக்குமா?" என்பது. அரைக் கிலோ, அரைக் கிலோவாக வாங்கினால் மூட்டை விலை தெரியாதே, அந்த மாதிரி.

மூன்றாம் வகைப் புல்டோசரிடம் கிங் ஜோடி அதற்கும் மேலே தாராளமாக ஜெயிக்கும். ஆகவே ஃப்ளாப்பிலேயே "கடைசி வரை போகிறேன்" என்று முடிவெடுத்து, பிறகு யோசிக்காமல் கால் போடுங்கள். அதே ஃப்ளாப்பில், உங்கள் கையில் ஒரு 8 மட்டும் இருந்து, மேசை 8-உடன் சேர்ந்து 8 ஜோடிதான் அமைகிறது என்றால்? ஆள் இரண்டாம் வகை என்றால் ஃப்ளாப்பில் ஒரு கால், டர்னில் அடித்தால் ஃபோல்ட். இதையும் ஃப்ளாப்பிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

ஏன் முன்கூட்டியே? ரிவரில் 80 தள்ளிவிட்டு அவர் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்போது மூளை கணக்குப் போடாது. அங்கே வீம்புதான் முடிவெடுக்கும். நான் பார்த்த பெரிய தோல்விகளில் முக்கால்வாசி, ஃப்ளாப்பில் முடிவெடுக்காமல் ரிவரில் ரோஷப்பட்டதால் வந்தவை. இன்னொரு பக்கத் தவறும் உண்டு: இரண்டு கால் போட்டு 90-ஐக் கொடுத்துவிட்டு ரிவரில் பயந்து விடுவது. கடைசி வரை போக முடியாத கைக்கு அந்த 90 எதற்கு?

வாய்க்கணக்காக வைத்துக்கொள்ள மூன்று எண்கள்: பாட்டில் பாதி அடித்தால் நான்கில் ஒரு முறை ஜெயிக்க வேண்டும். பாட் அளவு அடித்தால் மூன்றில் ஒன்று. பாட்டைப் போல இரண்டு மடங்கு அடித்தால் ஐந்தில் இரண்டு. எவ்வளவு பெரிய ஆல்-இன் அடித்தாலும் இது பாதியைத் தாண்டாது.

8. அவரை அடிக்க விடுங்கள்

நல்ல கை வந்ததும் புதியவர்களுக்குக் கை பரபரக்கும், உடனே ரெய்ஸ் செய்துவிடுவார்கள். திருப்பி அடித்தால் ஓடிவிடும் ஆளாக இருந்தால் இது தப்பு. கையில் ஒன்றுமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தவர் அங்கேயே நிறுத்திவிடுவார். டர்னிலும் ரிவரிலும் அவர் உங்களுக்குத் தர இருந்த சில்லு போச்சு. சாதுவாகக் கால் மட்டும் போடுங்கள்.

இரண்டு விதிவிலக்கு. அவர் விடவே மாட்டார் என்று மூன்றாம் படியில் பார்த்திருந்தால், ரெய்ஸ் செய்யுங்கள். அவரே எல்லாவற்றுக்கும் கால் போடும்போது நாம் ஏன் பொறுக்க வேண்டும்? மேசையில் ஒரே பூவில் இரண்டு சீட்டு, அடுத்தடுத்த எண்கள் என்று ஆபத்தாக இருந்தாலும் ரெய்ஸ் செய்யுங்கள். ஃப்ளாப்பில் நான்கு சீட்டு ஒரே பூவாக வைத்திருப்பவருக்கு ரிவருக்குள் ஐந்தாவது வருவது 100-க்கு 35 முறை. அதை இலவசமாகப் பார்க்க விடக் கூடாது.

அப்புறம், புல்டோசர் திடீரென்று அமைதியானால் உஷார். எப்போதும் அடிக்கும் ஆள் டர்னில் செக் செய்துவிட்டு உங்கள் அடிக்குச் சத்தமில்லாமல் கால் போடுகிறார் என்றால், பெரும்பாலும் அவரிடம் சீட்டு இருக்கிறது.

9. அவரிடம் புளஃப் வேண்டாம்

புளஃப், அதாவது நல்ல சீட்டு இல்லாமலே அடித்துப் பயமுறுத்துவது, பலிக்க எதிராளி ஃபோல்ட் செய்ய வேண்டும். சீட்டையே பார்க்காதவர் எதைப் பார்த்துப் பயப்படுவார்? எங்கள் மேசையில் ஒரு கன்னட நண்பர் புதிதாக வருபவர் தோளைத் தட்டி, "சும்னே இரு குரு" (சும்மா இருப்பா) என்பார். இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்ல வரவில்லை.

10. தோற்கும்போது செய்ய வேண்டியது

எல்லாம் சரியாகச் செய்தும் தோற்பீர்கள். 100-க்கு 65 ஜெயிக்கும் கை மூன்றில் ஒரு முறை தோற்கும். தொடர்ந்து இரண்டு முறை தோற்பது எட்டுக்கு ஒன்று, எந்தச் சனிக்கிழமையும் யாருக்காவது நடக்கும். அவர் 7-2 வைத்து உங்கள் ஏஸ்-கிங்கை அடித்துவிட்டு எழுந்து நின்று கைதட்டுவார். எங்கள் ஆள் தட்டுகிறார்.

அப்போது அடுத்த இரண்டு கைகளை, எது வந்தாலும், ஃபோல்ட் செய்துவிட்டு தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். அபத்தமாகத் தோன்றும். ஆனால் பெரிய சில்லு போன அடுத்த இரண்டு கையில்தான் மிச்சமும் போகிறது. இரண்டாவது 200 தீர்ந்தால் எழுந்துவிடுங்கள். பக்கத்து ஆளிடம் கடன் வாங்கி ஆடுவதை எங்கள் மேசையில் அனுமதிப்பதில்லை.

11. அந்த ஆள் நீங்களாக இருந்தால்

இரண்டாம் படியில் சொன்ன எண்ணிக்கையை உங்களுக்கும் செய்து பாருங்கள். 20-க்கு 12 வந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

அடிப்பது தப்பில்லை, விலை தெரியாமல் அடிப்பதுதான் தப்பு. 60 பாட்டுக்கு 60 புளஃப் அடித்தால், எதிராளி இரண்டில் ஒரு முறை ஓடினால்தான் கட்டும். 120 அடித்தால் மூன்றில் இரண்டு முறை ஓட வேண்டும். "பெரிசா அடிச்சா பயப்படுவாங்க" என்பது உண்மை. ஆனால் எவ்வளவு பயப்பட வேண்டும் என்ற அளவும் அடியோடு சேர்ந்து ஏறுகிறது. எதற்கும் கால் போடும் ஒருவர் மேசையில் இருந்தால், அவர் இருக்கும் கைகளில் புளஃபை மொத்தமாக நிறுத்துங்கள். மாற்றம் வர இது ஒன்றே போதும்.

12. ஒற்றையாளாகப் பயிற்சி

ஒரு சீட்டுக்கட்டு, ஒரு நோட்டு போதும். உங்களுக்கு இரண்டு சீட்டு, எதிரில் குருட்டு ஆள் ஒருவருக்குக் கவிழ்த்தபடி இரண்டு சீட்டு. பாட்டில் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். குருட்டு ஆள் ஒவ்வொரு கட்டத்திலும் பாட்டில் பாதி அடிப்பார். ஃப்ளாப்பைத் திறந்ததும், எதுவரை போவீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள்: இங்கேயே ஃபோல்ட், ஒரு கால், கடைசி வரை. எழுதிய பிறகுதான் டர்ன். ரிவரைப் பார்த்துவிட்டுப் பழைய வரியை அடித்துத் திருத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன்; பேனாவால் எழுதுங்கள்.

50 கை முடிந்ததும், வீட்டில் தம்பியையோ ரூம்மேட்டையோ பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வையுங்கள். ஃப்ளாப்பிலும் டர்னிலும் அவர் பார்க்காமல் அடிக்கட்டும், ரிவரில் மட்டும் சீட்டைப் பார்த்து, ஜோடியோ அதற்கு மேலோ இருந்தால் அடிக்கட்டும். முதல் 50-ல் எழுதிய வரிகள் இங்கே எத்தனை இடத்தில் பொருந்தவில்லை என்று தெரியும்.

நீங்கள் ஃபோல்ட் செய்த கைகளுக்கும் எதிராளியின் சீட்டைக் கடைசியில் திறந்து பாருங்கள். சனிக்கிழமை மேசையில் அந்த வசதி கிடையாது.